‘நாற்காலி’க்கு வந்த கவிதைகள்

ஜூன் 3, திங்கள்

கிளினிக்கில் காலையிலேயே கூட்டம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் முறைக்கிறார்கள், ஏதோ நான்தான் வீடு வீடாகப் போய் அவர்கள் பல்லைச் சொத்தையாக்கியது போல. பல் டாக்டர் தாமதமாக வந்தார். திட்டு எனக்கு. வரவேற்பில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன கிடைக்கும்?

வீட்டுக்கு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது. எங்கள் கவிதைப் பத்திரிகையின் அடுத்த இதழுக்கு அறிவிப்பு எழுத வேண்டும். ‘கவிதைகள் வரவேற்கப்படுகின்றன.’ பகலெல்லாம் அங்கே வரவேற்பு, சாயங்காலம் இங்கே வரவேற்பு. பதினான்கு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவிஞர்களுக்குத் தலைப்புக் கொடுத்து, வந்ததைப் படித்து, எடுத்து, தள்ளி, அச்சுக்கு அனுப்பி — போதும்.

முடிவு செய்துவிட்டேன். இதுதான் கடைசி இதழ். ஞாயிற்றுக்கிழமை சக ஆசிரியர் கத்தரியிடம் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

சொல்லவில்லை.

கத்தரியின் மருந்துக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறைதான் எங்கள் ஆசிரியர் குழு அலுவலகம். இருமல் மருந்துப் பெட்டிகள் நடுவே இரண்டு பேர் உட்கார இடம். ஆசிரியர் குழு என்றால் அவரும் நானும்தான். ‘கத்தரி’ என்று அவருக்குப் பெயர் வைத்தது எந்தக் கவிஞரோ தெரியாது, பொருத்தமாக வைத்தார். முப்பது வரிக் கவிதை அவர் கையில் போனால் பதினொரு வரியாகத் திரும்பும். முகத்துக்கு நேரே நான் ‘சார்’ என்பேன்.

“தலைப்பு என்னம்மா போடலாம்?” என்றார்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். “நாற்காலி” என்றேன். நாளெல்லாம் பார்ப்பது அதைத்தானே.

“நாற்காலின்னா எல்லாரும் அரசியல்வாதியத் திட்டுவாங்களே.”

“அதையும் அறிவிப்புலயே எழுதிடலாம் சார்.”

எழுதினோம். ‘நாற்காலி — உட்கார்வது, உட்காராமல் போவது, காலியாக இருப்பது பற்றிய கவிதைகளை அனுப்புங்கள். பதவி நாற்காலி வேண்டாம்.’ கடைசி வாக்கியத்தில் ‘தயவுசெய்து’ சேர்த்தேன். அவர் அடித்துவிட்டார்.

ஜூன் 10, திங்கள்

அடுத்த வாரம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஜூன் 28, வெள்ளி

கவிதைகள் வரத் தொடங்கிவிட்டன. மின்னஞ்சல் பெட்டி என் வீட்டுக்காரர் பொறுப்பு. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலைக்கு நடுவே பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, எண் மட்டும் போட்டு அச்செடுத்துத் தருவார். யார் எழுதியது என்று எனக்கும் கத்தரிக்கும் தெரியாது. தெரியக் கூடாது. இந்த வேலைக்கு என் வீட்டுக்காரரைப் போல ஆள் கிடையாது, ஏனென்றால் கவிதை என்றாலே அவருக்கு வேப்பங்காய். ஒரு வரிகூடப் படிக்க மாட்டார்.

இன்று மட்டும் ஒரு தாளை நீட்டினார். “இதுல ஏதோ தப்பு இருக்கு போல. நாற்காலி பெய்யுதுன்னு போட்டிருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். ‘நேற்றிரவு நாற்காலி பெய்து ஓய்ந்தது / நனைந்த தெருவில் உன் காலடி.’ போன இதழின் தலைப்பு மழை. அதற்கு எழுதித் தேறாமல் போனதில் ‘மழை’யை எடுத்துவிட்டு ‘நாற்காலி’யைச் செருகி அனுப்பியிருக்கிறார், மகானுபாவர். அதற்கு முந்தின தலைப்பு ‘ஜன்னல்’. ‘நாற்காலி வழியே நிலவைப் பார்த்தேன்’ என்று ஒன்று. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பிறகு சிரிப்பு நின்றும் கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் வந்தது. அசதிதான், வேறொன்றும் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

படிக்கும் நாள். ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். பிறகு இருவரும் ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’. அவ்வளவுதான் எங்கள் முறை. நூற்றுச் சொச்சம் கவிதைகள். நடு நடுவே அவர் எழுந்து போய் யாருக்காவது மாத்திரை கொடுத்துவிட்டு வருவார்.

பதவியைத் திட்டியவர்கள் பாதி. வேண்டாம் என்று சொன்னால்தான் செய்வார்கள், குழந்தைகளைப் போல.

அறுபத்து மூன்றாம் எண் அவர் முறைக்கு வந்தது. “தொண்டை கட்டுது, இதை நீயே படி” என்று நீட்டினார். ‘ஓ நாற்காலியே! நீ நிற்கிறாய், நான் அமர்கிறேன், நம்மில் யார் களைத்தவர்?’ என்று ஆரம்பம். சரி, பரவாயில்லை என்று பார்த்தால் நான்காவது வரியிலேயே பிரபஞ்சம் வந்துவிட்டது. பிரபஞ்சமே ஒரு நாற்காலியாம். அதில் அமர்ந்திருப்பது காலமாம்.

எனக்குக் காலையிலிருந்து உட்கார்ந்து முதுகு விட்டுப்போயிருந்தது. நாடகக்காரி மாதிரி கையை நீட்டி நீட்டிப் படித்தேன். “ஓன்னு கூப்பிட்டா நாற்காலி திரும்பிப் பார்க்குமா சார்? இவரு வீட்டுல மேஜையையும் இப்படித்தான் கூப்பிடுவாரா?”

கத்தரி சிரித்தார். புரையேறுகிற அளவு சிரித்தார். “வேண்டாம்” என்று அவரே முதலில் சொன்னார். நானும் சொன்னேன்.

முடிவில் பதினெட்டு தேறின. இன்றும் சொல்லவில்லை. அவர் அவ்வளவு சிரித்தபின் எப்படிச் சொல்வது?

ஜூலை 22, திங்கள்

வீட்டுக்காரருக்கு எங்கோ லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டதாம், போய்விட்டார். கவிஞர்களுக்கு முடிவு அனுப்ப வேண்டிய வேலை என் தலையில். ‘ஏற்றோம்’ கடிதம் ஒன்று, ‘இம்முறை இயலவில்லை’ கடிதம் ஒன்று. முகவரிப் பட்டியல் இரண்டு. எண்ணைப் பார்த்துப் பிரித்துவைத்திருக்கிறார் மனிதர். ஒரு பக்கம் அடுப்பில் குழம்பு, ஒரு பக்கம் இது. அனுப்பிவிட்டேன். அப்பாடா.

ஜூலை 26, வெள்ளி

என்ன செய்துவிட்டேன்!

மத்தியானம் கிளினிக் போன் அடித்தது. பல்வலி ஆள் என்று எடுத்தேன். “மேடம், நான் தையல் கடை வெச்சிருக்கேன். கவிதை அனுப்பியிருந்தேன். நீங்க இங்க வேலை பார்க்கிறதா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். தப்பா நினைக்காதீங்க, ஒரு தடவை உங்க வாயால கேட்கணும். நிஜமாவே என் கவிதை வருதா?”

“என்ன கவிதைங்க?”

நான்கு வரி சொன்னார். நாற்காலி பெய்த கவிதை.

அந்த அம்மா பேசிக்கொண்டே போனார். கடிதத்தை அச்செடுத்துத் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறாராம். அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் படிக்கிறார்களாம். பெண்ணைக் கொடுத்த சம்பந்தி வீட்டுக்கும் சொல்லியாயிற்றாம். நான் “சரிங்க, சரிங்க” என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு ஓடி வந்து பெட்டியைத் திறந்தால் நன்றிக் கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் நாங்கள் தள்ளியவர்கள் எழுதியவை. எடுத்த பதினெட்டுப் பேருக்கு ‘இயலவில்லை’ போயிருக்கிறது. ரெண்டு கடிதமும் இடம் மாறிப்போச்சு. நான்தான் மாத்தினேன். கண்ணு எங்க வெச்சிருந்தேன்? குழம்புல வெச்சிருந்தேன்.

ஜூலை 27, சனி

தேர்வானவர்களில் ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘என்னை நிராகரிக்கும் தகுதி உங்களுக்கு எப்போது வந்தது?’ தேர்வான கவிதை ஐயா உங்களுடையது, கொஞ்சம் பொறுங்கள்.

வீட்டுக்காரர் சாவகாசமாகச் சொல்கிறார், “எல்லாத்தையும் போட்டுட வேண்டியதுதானே? யாரு படிக்கப்போறா?”

ஆத்திரத்தில் தட்டை ‘ணங்’ என்று வைத்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை, அதனால்தான் கோபம். எல்லாவற்றையும் போட்டுவிட்டால் யாரும் அழ மாட்டார்கள். ஆனால் அந்தப் பதினெட்டுப் பேர்? நாற்காலி பெய்வதற்குப் பக்கத்தில் அவர்களை உட்கார வைப்பதா?

கத்தரிக்குப் போன் செய்து ஒப்பித்தேன். கத்துவார் என்று காத்திருந்தேன். “சரி. ஞாயிறு வா, பேசலாம்” என்றார். அவ்வளவுதான். எனக்கு இது இன்னும் பயமாக இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

ஒவ்வொருவருக்கும் போன் செய்து வாயால் சொல்வதென்று முடிவு. “தப்புக் கடிதத்துக்குத் திருத்தக் கடிதம் போட்டா, எது தப்புக் கடிதம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் கத்தரி. நியாயம்தான். தலைக்குப் பாதி பிரித்துக்கொண்டோம்.

அறுபத்து மூன்றாம் எண்ணுக்குப் போன் நம்பர் இல்லை, மின்னஞ்சல் மட்டும்தான் இருந்தது. “அதை நான் பார்த்துக்கறேன்” என்றார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கிளினிக் முடிந்து தினமும் போன். தொண்டை போய்விட்டது. சிலர் “அப்படியா” என்று வைத்துவிடுகிறார்கள். ஒருவர் “எனக்கு அப்பவே சந்தேகம்” என்று என்னைத் தேற்றினார். திட்டுகிறவர்கள் எவ்வளவோ மேல்.

தையல்காரம்மாவைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். இன்று செய்தேன். சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

“சரிங்க மேடம்” என்றார். பிறகு, “சுவத்துல ஒட்டியிருக்கேனே, அதை என்ன பண்றது?”

“இருக்கட்டுமேங்க.”

“இருந்தா பொய்யில்லையா?”

அவரே, “மழைக் கவிதையா இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நாற்காலின்னு மாத்தியிருக்கக் கூடாது, இல்ல?” என்றார். “ஆமாங்க” என்றேன். வைத்துவிட்டு, சமையலறையில் போய் நின்றுகொண்டு அழுதேன். வீட்டுக்காரர் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவினார்.

சத்தியமாக, இனி முடியாது. ஞாயிறு சொல்லியே தீர வேண்டும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

என் பாதி முடிந்தது. அவர் பாதியும் முடிந்தது, அறுபத்து மூன்றைத் தவிர.

“இன்னும் எழுதலையா? பாவம் சார் அந்த மனுஷன். இன்னும் சந்தோஷத்துல இருப்பாரு. கொடுங்க, நானே எழுதறேன்.”

“வேண்டாம். அவனுக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

அவர் ஒரு பெட்டியை நகர்த்தி, அதன் பின்னால் எதையோ தேடுவது போல முதுகைக் காட்டி நின்றார். “நாந்தாம்மா அது.”

நாடகக்காரி மாதிரி கை நீட்டிப் படித்தேனே. அவர் எதிரில் உட்கார்ந்து சிரித்தாரே.

“ஏன் சார்? ஆசிரியர் குழு கவிதை வரக் கூடாதுன்னு முதல் இதழ்லயே சட்டம் போட்டது நீங்கதானே?”

“அச்சுல வரணும்னு அனுப்பல. தேறுமான்னு தெரிஞ்சா போதும்னு அனுப்பினேன். தேறியிருந்தா சொல்லிட்டுத் திரும்ப வாங்கியிருப்பேன்.” பதினான்கு வருடமாக எழுதுகிறாராம். ஒருவரிடமும் காட்டியதில்லையாம். வேறு பத்திரிகைக்கு அனுப்ப வேண்டியதுதானே என்று கேட்டேன். “அங்க அனுப்பினா போட்டுருவாங்கம்மா. கத்தரி கவிதைன்னு போட்டுருவாங்க. பேரைப் பார்க்காமப் படிக்கிறது இங்க மட்டும்தான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அப்ப உங்களுக்குத் திங்கட்கிழமையே தெரியும். நாம தள்ளின கவிதைக்கு ‘ஏற்றோம்’னு வந்தப்பவே மாறிப்போச்சுன்னு தெரிஞ்சிருக்கும். வாயைத் திறக்கல! அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தம்மா சுவத்துல ஒட்டியிருக்க மாட்டாங்க சார்!”

“ஆமா.” திரும்பினார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். “அந்தக் கடிதத்தை எழுதினது நான். ‘தங்கள் கவிதையை மகிழ்ச்சியுடன் ஏற்கிறோம்.’ இத்தனை வருஷமா எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கேன். வாங்கிப் பார்த்ததில்ல. தப்புன்னு தெரியும், நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு வெச்சுக்கிட்டேன். அந்த அஞ்சு நாள் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா.”

திட்டத்தான் நினைத்தேன். நன்றாக நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அதற்குள் யாரோ கடை வாசலில் காய்ச்சல் மாத்திரை கேட்டார்கள், அவர் போய்விட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கோபமா, பாவமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் கலந்து நெஞ்சைக் கரிக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அந்தாளா? எனக்கு எப்பவோ தெரியும், அந்த மின்னஞ்சல்லேர்ந்துதான் கடை விடுமுறை நாளெல்லாம் முன்னாடி எனக்கு அனுப்பியிருக்காரே” என்கிறார். ஏன் சொல்லவில்லையென்றால், “பேரைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

எல்லோரும் சட்டப்படிதான் நடக்கிறார்கள். நான் ஒருத்திதான் முட்டாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மெய்ப்புத் திருத்தி முடித்ததும், பேனாவை மூடிவிட்டு ஒரே மூச்சில் சொன்னேன். இதுதான் எனக்குக் கடைசி இதழ். கோபத்தால் இல்லை, ஜூன் மாதமே முடிவு செய்தது. உடம்பு முடியவில்லை, மனசும் முடியவில்லை. இன்னொருத்தர் ஆசையில் மண்ணள்ளிப் போடுகிற வேலை இனி வேண்டாம்.

தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. மெய்ப்புத் தாள்களை அடுக்கினார், திரும்பக் கலைத்து அடுக்கினார்.

“சரிம்மா. நீ சொல்றது நியாயம்.” பிறகு, “நீ போயிட்டா என்னை வேண்டாம்னு சொல்ல யாரு இருக்கா?”

“ஊருல ஆயிரம் பேர் இருப்பாங்க சார்.”

“இருப்பாங்க. நான் நம்பணுமே.”

இதென்ன பேச்சு! ஒருவரை இப்படியா மடக்குவது? எழுந்து வந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன், அவருக்கும் சேர்த்து நானே பதில் சொல்லிக்கொண்டு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இதழ் வந்துவிட்டது. பதினெட்டுக் கவிதைகள். நன்றாகவே வந்திருக்கிறது. கோபக்காரக் கவிஞரின் கவிதைதான் முதல் பக்கம். பின்னட்டையின் உள்பக்கத்தில் அடுத்த தலைப்புக்கான அறிவிப்பு வரும் இடத்தில் இந்தமுறை ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நாலு தடவை சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

தையல்காரம்மா கிளினிக்குக்கே வந்துவிட்டார். பல்வலி இல்லை. இதழ் வாங்கினாராம். “என் கவிதை இதுல நிக்காதுதான்” என்றார், பெருந்தன்மையாக. பிறகு பின்னட்டையைத் திறந்து காட்டினார். “அடுத்த தலைப்பு போட மறந்துட்டீங்களே?”

“அச்சுல விட்டுப்போச்சுங்க.”

ஏன் பொய் சொன்னேன்?

செப்டம்பர் 8, ஞாயிறு

கணக்கு முடிக்க, மிச்சப் பிரதிகளைக் கொடுக்க என்று கத்தரி கடைக்குப் போனேன். அரை மணியில் திரும்பிவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பின்னறையில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “புதுசு. இதுக்கு எண்ணெல்லாம் கிடையாது, எழுதினவன் எதிர்லயே நிக்கிறேன். படிக்கட்டுமா?”

படித்தார். தொண்டை கட்டியெல்லாம் இல்லை, அறுபத்து மூன்றை என்னிடம் தள்ளிய அன்று மருந்துக்காரர் சும்மா சொல்லியிருக்கிறார். எத்தனை பேருடைய கவிதையைப் படித்த குரல், தன்னுடையதைப் படிக்கும்போது இப்படி ஒடுங்கிப்போகிறதே. ‘ஓ’ இல்லை. பிரபஞ்சம் இல்லை. இரவு கடையை மூடிய பிறகு, கால் வலியோடு மருந்துப் பெட்டி மேல் உட்காரும் ஒருவன். நடுவில் இரண்டு வரி எனக்குப் பிடித்தது. முடிவில் அவன் நட்சத்திரங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். ஏன் விட்டான் என்று அவருக்கே தெரியாது.

படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஆம் என்று சொல்லிவிட்டால் என்ன? வயதான மனிதர், எனக்கு இனி இதில் பொறுப்பும் இல்லை. நன்றாயிருக்கிறது சார் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

“வேண்டாம் சார்” என்றேன்.

“எங்க கெட்டுப்போச்சு?”

“நட்சத்திரத்துல. பெட்டி மேல உட்கார்ந்ததோட நிறுத்தியிருக்கணும்.”

தாளைப் பார்த்தார். தலையாட்டினார். அடிபட்ட முகம்தான், ஆனால் அதற்குள்ளே ஏதோ ஒன்று இளகியது. பதினான்கு வருடத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை. தாளை மடித்து மறுபடியும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“சரி. அடுத்த தடவை ஒழுங்கா எழுதறேன். தலைப்பு என்ன?”

“தலைப்பா?”

“நான் இனிமே ஆசிரியர் இல்லம்மா, அனுப்புற ஆளு. தலைப்பு நான் போட முடியுமா? ஆசிரியர்தான் சொல்லணும்.”

எழுந்து வந்துவிடலாம் என்று பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். முதுகு வலிக்கிறது, நாளைக்குக் காலையில் கிளினிக் சீக்கிரம், வீட்டில் துணி ஊறப் போட்டது அப்படியே கிடக்கிறது.

“பக்கத்து அறை” என்றேன்.

“கடைசித் தேதி?”

“அக்டோபர் முப்பத்தொண்ணு.”

“ஒரு நாள் முன்னப்பின்ன ஆனா எடுத்துக்குவீங்களா?”

“எடுத்துக்க மாட்டேன்.”

மாத்திரை அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் தலைப்பையும் தேதியையும் எழுதிக்கொண்டார். அதற்குள் கடை வாசலில் யாரோ கூப்பிட, “இதோ வந்துட்டேன்” என்று அவர் எழுந்து போனார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இனி எனக்கு எதிரில் உட்கார்ந்து படிக்க ஒரு ஆள் வேண்டும். தையல்காரம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்று கேட்க வேண்டும்.